பாடம் சொல்லுதலும் பாடம் அமைத்தலும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில், ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பின் ஆசிரியர்கள் சார்பில் நிகழ்த்திய உரை)



ஆடலும் பாடலும் நாடகமும் நிகழவிருக்கும் இம்மேடையில், அவற்றுக்கு முன்னர்க் கல்வியைப் பற்றிச் சில சொற்கள் கூறுமாறு சங்கச் செயலாளர் எங்களைப் பணித்தார். காரணம் உங்களுக்குத் தெரியாததன்று. விரைவில் கூடவிருக்கும் பொதுக்குழுவின் முன்னர் ஒரு வினா வைக்கப்பட்டிருக்கிறது: ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பை அடுத்த ஆண்டும் நடத்துவதா, நிறுத்திவிடுவதா? ஆனி மாதத்தில் நிறைந்திருக்கும் பாய்கள் தை மாதத்திற்குள் பாதியாகிவிடுகின்றன. குழந்தைகளுக்கு ஆர்வமில்லை என்பார் சிலர். பெற்றோர்க்கு நேரமில்லை என்பார் சிலர். போபாலில் வாழும் பிள்ளைக்குத் தமிழ் எழுத்து எதற்கு என்று கேட்பாரும் உளர். இவற்றுள் எதனையும் வாதிட்டு வெல்ல நாங்கள் வரவில்லை. ஒரு வகுப்பு எவ்வாறு அமைய வேண்டும் என்பதை முதலில் ஆராய்ந்து, அதன் பின்னர் நடத்துவதா நிறுத்துவதா என்று முடிவு செய்வதே முறை என்பது எங்கள் விண்ணப்பம். அந்த ஆராய்ச்சி நமது தமிழ் வகுப்புக்கு மட்டுமன்றி, நம் குழந்தைகள் நாள்தோறும் செல்லும் பள்ளிக்கூடத்துக்கும் பொருந்துவதாகும்.

பாடம் சொல்லுதல் வேறு; பாடம் அமைத்தல் வேறு. நாளைய வகுப்பில் என்ன சொல்லலாம் என்று ஆசிரியர் எண்ணினால், அவர் பாடம் சொல்ல ஆயத்தமாகிறார். நாளைய வகுப்பில் குழந்தை என்ன செய்யும், எதைக் கண்டு வியக்கும், எங்கே தடுமாறும், கற்றதை நாம் எப்படி அறிவோம் என்று எண்ணினால், அவர் பாடம் அமைக்க ஆயத்தமாகிறார். அமெரிக்க நாட்டுக் கல்வியறிஞர் ரால்ஃப் டைலர் 1949இல் வெளியிட்ட ஒரு சிறு நூலில் நான்கு வினாக்களை எழுப்பினார். எதற்காகக் கற்பிக்கிறோம்? அதற்கு எத்தகைய அனுபவங்களைக் குழந்தைக்கு அளிக்க வேண்டும்? அவற்றை எந்த ஒழுங்கில் அமைக்க வேண்டும்? நோக்கம் நிறைவேறியதா என்பதை எவ்வாறு அறிவது? பாடத்தைப் பயன் தரும் அனுபவமாக ஆக்குவது பற்றி இன்று பேசப்படுவன பலவும் இந்நான்கு வினாக்களுள் அடங்கும். குழந்தை கற்பது ஆசிரியர் செய்வதனால் அன்று, தான் செய்வதனால் என்பது டைலரின் கருத்து. கேட்பதற்கு எளிய கருத்துத்தான். ஆனால் ஒரு மாவட்டத்துப் பள்ளிகள் அனைத்திலும் அதனை நடத்திக் காட்டுவது எளிதன்று. அவ்வாறு நடத்திக் காட்டிய ஓர் இடம் நமக்கு மிக அருகில் இருக்கிறது.

விடுமுறைக்கு ஊர் செல்லும்போது நாம் அனைவரும் அவ்விடத்தைக் கடந்து போகிறோம். கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸ் போபாலை விட்டுப் புறப்பட்டு, விந்தியக் காடுகளைத் தாண்டி, நர்மதைப் பாலத்தின் மேல் ஓடும். குழந்தைகள் சன்னல் வழியே காசு எறிவார்கள். பாலம் முடிந்ததும் ஓர் ஊர் வரும். அதன் பெயர் ஹோசங்காபாத். 2022 முதல் நர்மதாபுரம் என்று வழங்குகிறது. அடுத்து இட்டார்சி சந்திப்பு வந்துவிடும். தேநீர் வாங்க இறங்குவோம். அந்த மாவட்டத்தின் சிற்றூர்ப் பள்ளிகளில் 1972 முதல் 2002 வரை முப்பது ஆண்டுகள் ஒரு பெருமுயற்சி நடைபெற்றது. ஹோசங்காபாத் விஞ்ஞானக் கல்வித் திட்டம் என்பது அதன் பெயர்.

பம்பாயில் டாட்டா ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றி வந்த அனில் சத்கோபால் என்னும் விஞ்ஞானி, அப்பணியை விட்டு வந்து, இந்த மாவட்டத்தில் கிஷோர் பாரதி என்னும் தொண்டு நிறுவனத்தை ஏற்படுத்தினார். ரசூலியா என்னும் இடத்தில் குவேக்கர் சமயத்தார் தொடங்கிய கிராம நிலையம் ஒன்று முன்னரே இருந்தது. இவ்விரு நிறுவனங்களும் மாநில அரசின் இசைவு பெற்று, 1972இல் 16 நடுநிலைப் பள்ளிகளில், ஆறு முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளுக்கு, விஞ்ஞானத்தைப் புதிய முறையில் கற்பிக்கத் தொடங்கின. டாட்டா நிலையத்தாரும் தில்லிப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர்களும் சிற்றூர்களுக்கு வந்து துணை நின்றனர். 1978இல் திட்டம் மாவட்டத்தின் நடுநிலைப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்தது. 1982இல் இதனை ஏற்று நடத்துவதற்கென்றே ஏகலவ்யா என்னும் நிறுவனம் தோன்றியது. நம் போபாலில் இன்றும் இயங்கும் நிறுவனமே அது.

அவர்கள் செய்தது என்ன? முதலில் புத்தகத்தை மாற்றினார்கள். 'பால் வைக்ஞானிக்', அதாவது குழந்தை விஞ்ஞானி, என்று பெயரிட்ட அந்நூல், சோதனையை எவ்வாறு செய்வது என்று சொல்லும். என்ன கண்டாய் என்று வினவும். ஏன் அவ்வாறு நிகழ்ந்திருக்கும் என்று மேலும் வினவும். விடையை மட்டும் சொல்லாது. குழந்தைகள் நால்வர் நால்வராக அமர்ந்து சோதனையைச் செய்து, கண்டதைக் குறித்து, வகுப்பில் எடுத்துரைத்து, வாதாடி, முடிவுக்கு வர வேண்டும். விடை அச்சிட்டிருந்தால் குழந்தை விடையைப் படிக்கும். அச்சிடாவிட்டால் பொருளைப் பார்க்கும்.

இரண்டாவதாக, கருவிகளை மாற்றினார்கள். விலையுயர்ந்த கண்ணாடிக் குடுவைகள் பள்ளிக்கு வந்தால், உடைந்துவிடுமோ என்ற அச்சத்தால் பீரோவுக்குள் உறங்கும். ஆகவே ஊரில் கிடைப்பனவற்றைத் தேடினார்கள். பூவின் உறுப்புகளைப் பிரித்துப் பார்க்கும் ஊசியாக வேலியோரத்துக் கருவேல முள் பயன்பட்டது. கான்பூர்த் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்ற அரவிந்த் குப்தா என்னும் பொறியாளர் 1978இல் இங்கு வந்து தங்கியபோது, மிதிவண்டியின் வால்வு டியூபைச் சிறு துண்டுகளாக நறுக்கி, தீக்குச்சிகளை அவற்றில் செருகி இணைத்தார். முக்கோணமும் சதுரமும் கூரைச் சட்டமும் பிறந்தன. மூன்று குச்சிகளால் ஆன முக்கோணத்தை அழுத்தினால் வடிவம் மாறாது; நான்கு குச்சிகளால் ஆன சதுரத்தை அழுத்தினால் சாய்ந்துவிடும். நர்மதைப் பாலத்தின் இரும்புச் சட்டங்களிலும் நம் தொழிற்சாலைக் கூரையிலும் முக்கோணங்கள் ஏன் நிறைந்துள்ளன என்பதைக் குழந்தை தன் விரலால் அறிந்துகொள்கிறது. அதற்கான செலவு ஒரு தீப்பெட்டியின் விலைதான்.

மூன்றாவதாக, விடை என்பது யாது என்ற கருத்தையே மாற்றினார்கள். ஒரே மேசையின் நீளத்தை நாற்பது குழந்தைகள் அளந்தால் நாற்பது பேரும் ஒரே எண்ணைச் சொல்வதில்லை. வழக்கமான வகுப்பில் ஆசிரியர் சரியான எண் ஒன்றைக் கரும்பலகையில் எழுதி மற்றவற்றை அடித்துவிடுவார். அத்திட்டத்திலோ இந்த வேறுபாடே பாடமாயிற்று. எல்லா அளவுகளையும் எழுதி வைத்து, ஏன் வேறுபடுகின்றன, எந்த அளவை நம்பலாம், சராசரி என்பதன் பொருள் என்ன என்று குழந்தைகள் ஆராய்ந்தனர். தொழிற்சாலையில் அளவுக் கருவியோடு நாள் முழுதும் பழகும் நம் காலனித் தந்தையர்க்கு இதன் அருமையை நாங்கள் விளக்க வேண்டுவதில்லை.

நான்காவதாக, தேர்வை மாற்றினார்கள். புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டே குழந்தை தேர்வு எழுதலாம். செய்முறைத் தேர்வும் உண்டு. புத்தகத்தில் விடை இல்லாதபோது அதனைத் திறந்து வைப்பதால் என்ன குறை நேர்ந்துவிடும்? இந்த மாற்றம் மிக இன்றியமையாதது. பாடத்தை எவ்வளவு அழகாக அமைத்தாலும், தேர்வு மனப்பாடத்தையே கேட்குமானால், குழந்தையும் ஆசிரியரும் பெற்றோரும் மனப்பாடத்துக்கே திரும்பிவிடுவர். ஆற்று நீர் சரிவைப் பார்த்து ஓடுவது போலப் படிப்பு தேர்வைப் பார்த்து ஓடும்.

ஐந்தாவதாக, ஆசிரியரைத் தனியே விடவில்லை. கோடை விடுமுறையில் ஆசிரியர்கள் வாரக் கணக்கில் ஒன்றுகூடி, குழந்தைகள் செய்யவிருக்கும் சோதனைகளைத் தாமே குழந்தைகளைப் போல் நால்வர் நால்வராக அமர்ந்து செய்தனர். பள்ளி நடக்கும் காலத்தில் மாதம் ஒருமுறை அருகருகே உள்ள பள்ளி ஆசிரியர்கள் கூடி, வகுப்பில் நேர்ந்த தடங்கல்களைப் பேசினர். அவ்வாறு கூடிய இடத்துக்கு அவர்கள் இட்ட பெயர் 'சங்கம் கேந்திரம்'. ஆறுகள் கூடும் இடம் என்ற பொருளில் இட்ட பெயர் அது; புலவர் கூடும் இடம் என்ற பொருளில் நாம் இட்ட பெயரும் அதுவே. குழந்தைகள் தம் ஐயங்களை அஞ்சலில் எழுதிக் கேட்கச் 'சவாலிராம்' என்றொரு கற்பனை மனிதரும் இருந்தார். அவர் பெயருக்கு வரும் கடிதங்களுக்குத் திட்டத்தார் மறுமொழி எழுதினர். ஒரு சிற்றூர்ப் பிள்ளை விடை சொல்லாமல், வினாவை எழுதி அஞ்சலில் சேர்த்தது என்பதை எண்ணிப் பாருங்கள்.

இங்கே நம் மொழியிலுள்ள ஒரு சொல்லை நினைவூட்ட விரும்புகிறோம். திருக்குறளில் கல்வி நாற்பதாம் அதிகாரம். கல்லாமை அதற்கு அடுத்தது. நாற்பத்திரண்டாம் அதிகாரம் கேள்வி. வள்ளுவர் அங்கே கேள்வி என்றது, அறிந்தோர் சொல்லக் கேட்டு அறிதலை. நாம் இன்று கேள்வி என்பது வினாவை. கேட்டல் என்னும் ஒரே வினை, செவியால் ஏற்பதையும் வாயால் வினவுவதையும் தமிழில் குறிக்கிறது. நம் வகுப்பறைகளில் முதற்பொருள் மட்டும் வாழ்கிறது. இரண்டாம் பொருளில் கேட்கும் உரிமை ஆசிரியர்க்கே உரியதாகிவிட்டது. பாடம் அமைத்தல் என்பது அவ்வுரிமையைக் குழந்தைக்கும் அளிப்பதாகும்.

இவ்விடத்தில் நம் பெரியோர் சிலர் ஒரு தடையை எழுப்பக்கூடும். "வாய்பாட்டையும் செய்யுளையும் மனப்பாடம் செய்துதானே நாங்கள் படித்தோம், படித்துத்தானே இந்த ஊர் வரை வந்து தொழில் செய்து தலைநிமிர்ந்தோம்" என்று அவர்கள் கேட்டால் அது நேர்மையான கேள்வியே. மனப்பாடம் பகையன்று. நம் பழைய திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதினர். எழுதியதை வாய்விட்டுச் சொல்லினர். மூத்த மாணவனாகிய சட்டாம்பிள்ளை இளையோர்க்குச் சொல்லிக் கொடுத்தான். கண்ணும் கையும் வாயும் செவியும் ஒருங்கே உழைத்தன. சென்னை எழும்பூரில் அநாதைச் சிறுவர் விடுதிப் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காத்லாந்துப் பாதிரியார், பிள்ளைகள் மணலில் எழுதிக் கற்பதைக் கண்டு அதனைத் தம் பள்ளியில் மேற்கொண்டார். மாணவர்க்கு மாணவரே கற்பிக்கும் முறையையும் அங்கே வளர்த்தார். 1797இல் லண்டனில் அதைப் பற்றி ஒரு நூலும் வெளியிட்டார். இங்கிலாந்தில் அது 'மதராஸ் முறை' என்றே பெயர் பெற்றது.

ஆகவே, நினைவு வேண்டுவதே. அதனை எப்படி வளர்ப்பது என்பதும் அமைப்பைப் பொறுத்ததே. ஜெர்மானிய அறிஞர் எபிங்ஹாஸ் பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, எத்தனை நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று அளந்து 1885இல் வெளியிட்டார். கற்ற உடனே மறதி விரைந்து வருகிறது. பின்னர் மெல்ல நடக்கிறது. இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்பப் பயின்றால் மறதி தளர்கிறது. 2006இல் அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக் என்னும் இருவர் மாணவரிடையே ஒரு சோதனை நடத்தினர். ஒரு பகுதியார் பாடத்தை மீண்டும் படித்தனர்; மறு பகுதியார் தாளை மூடிவிட்டு, நினைவில் உள்ளதை எழுதினர். ஐந்து நிமிடத்தில் சோதித்தபோது மீண்டும் படித்தவர்களே முந்தினர். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோதோ, தாளை மூடி எழுதியவர்கள் முந்திவிட்டனர். தேர்வுக்கு முதல் நாள் இரவு முழுதும் படிப்பவன் மறுநாள் வெல்கிறான், மறுவாரம் இழக்கிறான் என்பது நம் வீட்டுப் பிள்ளைகள் அனைவரும் அறிந்த செய்திதானே!

இனி ஹோசங்காபாத் திட்டத்தின் முடிவைச் சொல்ல வேண்டும். 2002இல் மாநில அரசு அத்திட்டத்தை நிறுத்திவிட்டது. அப்போது அது முதல் மாவட்டத்தைக் கடந்து, பல மாவட்டங்களில் நூற்றுக்கணக்கான பள்ளிகளில் நடைபெற்று வந்தது. நாட்டின் அறிஞர் பலர் வேண்டியும் பயன் விளையவில்லை. எனினும் விதை அழியவில்லை. சிக்கிமுக்கிக் கல் என்று பொருள்படும் 'சக்மக்' என்னும் சிறுவர் இதழை ஏகலவ்யா 1985இல் தொடங்கியது. நம் குழந்தைகளுள் சிலர் அதனைப் படித்திருப்பர். பேராசிரியர் யஷ்பால் தலைமையில் 2005இல் உருவான தேசியக் கலைத்திட்டச் சட்டகம், கற்பதை மனப்பாடத்திலிருந்து விடுவிக்க வேண்டும் என்றும், தேர்வை நெகிழ்வுடையதாக்க வேண்டும் என்றும் வற்புறுத்தியது. ஆந்திரத்து ரிஷிவேலியில் பிறந்த அட்டை வழிக் கல்வி முறை, 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளுக்கு வந்து, 'செயல்வழிக் கற்றல்' என்ற பெயருடன் 2007இல் தமிழக அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு எங்கும் பரவியது.

முப்பது ஆண்டு வேரூன்றிய ஒரு முயற்சி ஓர் ஆணையால் நின்றுவிடக் கூடும் என்பதிலிருந்து நாம் கற்க வேண்டியது யாது? பள்ளியில் நடப்பது நல்லதா அல்லதா என்பதைப் பெற்றோர் அறிந்திருக்க வேண்டும். "இன்று எத்தனை மதிப்பெண்?" என்று மட்டும் கேட்கும் வீட்டில், நல்ல வகுப்பு நின்றாலும் எவரும் அறியார், தீய வகுப்பு தொடர்ந்தாலும் எவரும் வருந்தார். "இன்று வகுப்பில் நீ என்ன செய்தாய்? நீ என்ன கேட்டாய்?" என்று வினவும் வீடுகளே நல்ல கல்விக்கு அரண்.

இனி நம் ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு வருவோம். அங்கு வரும் குழந்தை யார்? வீட்டில் அம்மாவும் பாட்டியும் பேசும் தமிழ் அதற்கு விளங்கும். மறுமொழி இந்தியில் வரும். தேவநாகரி எழுத்தைப் பிழையின்றிப் படிக்கும். தமிழ் எழுத்தோ புதிது. இக்குழந்தையின் முன் தஞ்சாவூரிலோ திருநெல்வேலியிலோ உள்ள குழந்தைக்கென எழுதிய பாடநூலைத் திறந்து, அகர வரிசையை ஆண்டு முழுதும் எழுதச் செய்தால், அது தை மாதத்தில் வராமற் போவதில் வியப்பொன்றும் இல்லை. அக்குழந்தைக்குத் தெரிந்தவற்றிலிருந்து பாடத்தை அமைக்க வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவோம். க வருக்கத்தில் இந்திக்கு மூக்கொலி நீங்கலாக நான்கு எழுத்துகள், தமிழுக்கு ஒன்றே. 'தமிழில் ககரம் ஒன்றுதான்' என்று சொல்லிவிட்டு மேலே செல்வது பாடம் சொல்லுதல். அமைக்கும் முறை வேறு. நால்வர் கொண்ட ஒவ்வொரு குழுவுக்கும் கடல், கண், பக்கம், அக்கா, தங்கம், சங்கு, அகம், பகல் என்ற எட்டுச் சொற்களை அட்டைகளில் எழுதித் தருகிறோம். பெரியவர் ஒருவர் அவற்றை உரக்கப் படிப்பார். குழந்தைகள் தம் செவியில் விழுந்தவாறே தேவநாகரியில் எழுதிக்கொள்வர். பின்னர், ஒரே ககரம் எங்கே வன்மையாக ஒலித்தது, எங்கே மென்மையாக ஒலித்தது என்று அட்டைகளைப் பிரித்து அடுக்குவர். சொல்லின் முதலிலும் இரட்டித்த இடத்திலும் வன்மை. மூக்கொலியை அடுத்தும் உயிரொலிகளின் இடையிலும் மென்மை. இந்த விதியை எவரும் சொல்லாமல் குழந்தைகளே காண்பர். உடனே ஒரு சுட்டிப் பெண், "அப்படியானால் காந்தி என்பதில் முதலெழுத்து ஏன் மென்மையாக ஒலிக்கிறது?" என்று கேட்பாள். பிறமொழிச் சொல் தமிழுக்குள் வரும்போது நேர்வது என்ன என்ற அடுத்த பாடம் அவளிடமிருந்தே பிறந்துவிடும். தம்பி, அப்பம், பழம் என்று பகரத்துக்கும், பத்து, பந்து, காது என்று தகரத்துக்கும் இதே ஆராய்ச்சியைக் குழந்தைகள் தாமே தொடர்வர். இரண்டு எழுத்து முறைகளை அறிந்த குழந்தையால்தான் இது இயலும். இந்தி தெரிந்திருப்பது தமிழுக்கு இடையூறு என்ற எண்ணம் இங்கே மறைகிறது. அதுவே இக்குழந்தையின் கருவியாகிறது.

மற்றோர் எடுத்துக்காட்டு. இந்தியில் 'ஹம்' என்ற ஒரு சொல்லால் சொல்வதைத் தமிழ் நாம் என்றும் நாங்கள் என்றும் பிரிக்கிறது. கேட்பவரையும் சேர்த்துக்கொண்டால் நாம்; விலக்கினால் நாங்கள். இலக்கண நூற்பாவாக இதனைச் சொன்னால் மறுவாரம் நில்லாது. விளையாட்டாக அமைத்தால் நிற்கும். வகுப்பு இரண்டு அணியாகப் பிரிந்து, ஒருவரையொருவர் தேநீர் விருந்துக்கு அழைக்க வேண்டும். "நாங்கள் சாப்பிடுகிறோம்" என்று சொன்ன அணி, வந்த விருந்தினரைப் பட்டினி போட்டதாகும்! இந்தச் சிரிப்பில் கற்ற வேறுபாட்டை அக்குழந்தை எளிதில் மறவாது.

இம்முறையில் அடுத்த ஆண்டு வகுப்பை எவ்வாறு நடத்தலாம் என்பதை நாங்கள் எழுதிப் பொதுக்குழுவுக்கு அளித்துள்ளோம். அதன் சுருக்கம் இது. ஞாயிறுதோறும் ஒன்றரை மணி நேரம். முதல் பத்து நிமிடம் நோட்டுப் புத்தகங்கள் மூடியிருக்கும். சென்ற வாரம் கற்றதைக் குழந்தைகள் நினைவிலிருந்து எழுதுவர். அடுத்த நாற்பது நிமிடம் நால்வர் குழுக்களில் வேலை. அதன் பின் அரை மணி, ஒவ்வொரு குழுவும் கண்டதை எழுந்து நின்று தமிழில் கூறும். தடுமாறினால் குறுக்கே எவரும் திருத்தலாகாது. எஞ்சிய பத்து நிமிடத்தில் அந்த வாரத்து வீட்டு வேலையை ஒப்படைப்போம். ஒவ்வொரு குழுவிலும் மூத்த வகுப்புப் பிள்ளை ஒருவர் சட்டாம்பிள்ளையாக இருப்பார். இளையோர்க்குச் சொல்லிக் கொடுப்பவரே நன்றாகக் கற்றுக்கொள்வர்.

வீட்டு வேலை ஏட்டில் எழுதும் வேலையாக இராது. ஊரிலுள்ள பாட்டியைக் கைபேசியில் அழைத்து, அவர் சிறுமியாயிருந்தபோது பள்ளிக்கு எவ்வழியே சென்றார் என்று கேட்டு, ஐந்து வரி எழுதி வர வேண்டும். அடுத்த வாரம் வற்றல் குழம்பு வைக்கும் முறையைக் கேட்டு வர வேண்டும். பாட்டி சொல்லும் 'ஒரு கை' என்ற அளவு எத்தனை தேக்கரண்டி என்று அளந்து பார்க்க வேண்டும். நாற்பது வீட்டில் நாற்பது அளவு வரும். மேசையை அளந்த ஹோசங்காபாத் குழந்தைகளைப் போல நம் குழந்தைகளும் அவற்றை ஒப்பிட்டுப் பேசட்டும்.

தேர்வையும் மாற்ற வேண்டும். இதுவரை ஆண்டு விழாவில் குழந்தைகள் மனப்பாடம் செய்த சொற்பொழிவை ஒப்பித்துப் பரிசு பெற்றனர். அவ்வழக்கம் இருக்கட்டும், அதனோடு மற்றொன்றும் சேரட்டும். அடுத்த விழாவில் ஒவ்வொரு குழந்தையும் முன்பின் பார்த்திராத ஒரு கடிதத்தைப் பிரித்துப் படிக்கட்டும். தனக்குப் பழக்கமில்லாத ஒரு பெரியவருடன் ஐந்து நிமிடம் தமிழில் உரையாடட்டும். அவரிடம் தானே மூன்று கேள்விகள் கேட்கட்டும். இது நிகழ்ந்தால் வகுப்பு பயன் தந்தது; நிகழாவிட்டால் வகுப்பின் அமைப்பை மீண்டும் ஆராய்வோம். குழந்தையைக் குறை கூற இடமில்லை.

பெற்றோர்களிடம் நாங்கள் வேண்டுவன மூன்று. நாள்தோறும் பத்து நிமிடம் குழந்தையோடு தமிழில் பேசுங்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் பயிலும் மொழி, எபிங்ஹாஸ் அளந்து காட்டியவாறே, சனிக்கிழமைக்குள் மங்கிவிடும். குழந்தை தவறாகப் பேசினால் சிரிக்காதீர்கள். சரியான வடிவத்தில் நீங்கள் மறுமொழி சொன்னால் அதுவே திருத்தமாகும். மாதம் ஒருமுறையேனும் வகுப்பில் வந்து அமருங்கள். தந்தையர் தம் தொழிற்சாலையைப் பற்றியும், தாய்மார் தம் ஊரைப் பற்றியும், தாத்தாக்கள் தாம் இங்கு வந்த ஆண்டைப் பற்றியும் குழந்தைகளின் கேள்விக்கு விடை கூறுங்கள். பாடநூலில் இல்லாத பாடம் அது.

அன்பர்களே! நம்முள் பெரும்பாலோர் பிழைப்புக்காக ஊரை விட்டு வந்தோம். இங்கே வேர் ஊன்றினோம். இம்மண்ணின் மொழியை மதித்துக் கற்றோம். நம் குழந்தைகள் இரு மொழியிலும் மூன்று மொழியிலும் எண்ணும் ஆற்றல் பெற்றவர்கள். அவ்வாற்றலைப் பாரமாக்குவதும் செல்வமாக்குவதும் நாம் பாடம் அமைக்கும் முறையில் இருக்கிறது. ஆட்குறைவை மட்டும் எண்ணி வகுப்பை நிறுத்திவிடுவது எளிது. நிறுத்திய வகுப்பை மீண்டும் தொடங்குவது எத்துணை அரிது என்பதற்கு ஆற்றுக்கு அக்கரையில் சான்று இருக்கிறது. ஆதலின், ஓர் ஆண்டு இம்முறையில் நடத்திப் பார்க்க இசைவு தருமாறு பொதுக்குழுவை வேண்டுகிறோம். ஓராண்டின் முடிவில் குழந்தைகளே உங்கள் முன் நின்று பேசட்டும். அதைக் கேட்டு முடிவு செய்யுங்கள்.

 வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!